ஆலங்குடியிலிருந்து பழனிக்குப் பட்டாளப் பை எதற்கு?

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மறுநாள் விடியலில் நடை தொடங்க வேண்டும். முந்தின நாள் மாலை என் அண்ணன் மகனை ஆலங்குடி கடைவீதியில் எங்களுக்கு வேண்டியவர் நடத்தும் கமிஷன் கடைக்கு அழைத்துப்போய், முதுகிலிருந்த பையை இறக்கித் தராசில் வைக்கச் சொன்னேன். பூவும் தேங்காயும் எடைபோடுகிற எலக்ட்ரானிக் தராசு. 11 கிலோ 400 காட்டியது. சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு வெறும் பையை வைத்தோம். 2 கிலோ 300. கூட வந்திருந்த என் அக்கா, தன் மஞ்சள் பையைத் தண்ணீர் பாட்டிலோடு தூக்கி வைத்தார். 2 கிலோ 600. அறுபத்திரண்டு வயதில் அவர் பழனி போய்ச்சேரக் கொண்டுபோகும் மொத்தச் சுமையும், இருபத்திரண்டு வயதுப் பையனின் காலிப் பையைவிட 300 கிராம்தான் கூடுதல்.

"சித்தப்பா, இது ஆர்மில யூஸ் பண்றது. பழனி என்ன, இமயமலையே ஏறலாம்" என்றான். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான நிறம். மேலிருந்து கீழ்வரை வரிவரியாகத் தைத்த பட்டைகள். அந்தப் பட்டைகளில் மாட்டிய நான்கு சின்னப் பவுச்சுகள். உள்ளே இருந்து வந்தவை: இரண்டு பவர் பேங்க், மடக்குக் கத்தி, நைலான் கயிறு ஒரு சுருள், தலையில் மாட்டும் லைட், கையில் பிடிக்கும் டார்ச், மழைக்கோட்டு, மூன்று ஜோடி உடை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, முதலுதவிப் பெட்டி ஒன்று. அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுல எதைடா தம்பி வழியில எடுக்கப் போற?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை.

அவனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வெளியூர்ப் பயணம், மலையேற்றம், பாதயாத்திரை எதுவானாலும் இன்று இளைஞர்கள் மத்தியில் ஒரே பேச்சுதான்: பட்டாளத்துக்காக உருவான பைதான் உறுதி; அதில் வேண்டியதைக் கூட்டலாம், வேண்டாததைக் கழற்றலாம்; உயிரைப் பணயம் வைக்கிற சிப்பாய்க்கே அது போதுமென்றால் நமக்குப் போதாதா? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு ஒவ்வொரு படியிலும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். பதினேழு வருடம் இந்தச் சாலையில் நடந்த காலும் முதுகும் சொல்வதையும், சுமையைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், அந்தப் பட்டைகள் எதற்காக வந்தன? 1908இல் பிரிட்டிஷ் படை பருத்திப் பட்டையால் நெய்த சுமைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் முன்பக்கப் பைகளில் 150 தோட்டாக்கள் அடங்கும். தோட்டாவை எங்கே வைப்பது, குனிந்து படுத்துச் சுடும்போது அது கைக்கு எட்டுமா என்பதுதான் அதை வடிவமைத்தவர்களின் கவலை. பின்னால் வந்த 1937ஆம் ஆண்டு வடிவத்தைத்தான் இரண்டாம் உலகப் போரில் நம் இந்தியச் சிப்பாய்கள் தோளில் போட்டுக்கொண்டு பர்மாவுக்கும் இத்தாலிக்கும் போனார்கள். அமெரிக்கப் படை 1973இல் 'ஆலிஸ்' என்ற கட்டமைப்பை ஏற்றது. 1997இல் அதற்கு மாற்றாக வந்ததுதான் 'மோலி'. இன்று கடையில் தொங்குகிற 'ஆர்மி பேக்' எல்லாம் இதன் சாயல்.

மோலியின் மூளை அந்த ஏணிப்பட்டைதான். ஓர் அங்குல அகலப் பட்டைகள், ஓர் அங்குல இடைவெளியில், ஒன்றரை அங்குலத்துக்கு ஒருமுறை தைத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். எந்தப் பவுச்சையும் எந்த இடத்திலும் பின்னி மாட்டலாம். நல்ல கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. ஆனால் அது யாருடைய சிக்கலைத் தீர்த்தது? ஒரே மாதிரி தைத்த சட்டத்தை லட்சக்கணக்கான பேருக்குக் கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருவன் துப்பாக்கிக்காரன், ஒருவன் எறிகுண்டு செலுத்துபவன், ஒருவன் இயந்திரத் துப்பாக்கி சுமப்பவன், ஒருவன் மருத்துவ உதவியாளன். யாருக்கு என்ன வேலை என்று கொடுக்கிறவனுக்குத் தெரியாது. அதனால் சட்டம் ஒன்றாகவும் பவுச்சுகள் வேறாகவும் வைத்தார்கள். ஆலங்குடியிலிருந்து பழனிக்குப் போகிறவனுக்குத் தன் வேலை என்னவென்று தெரியும். நடப்பது. இடையில் அவன் வேலை மாறப்போவதில்லை. மூன்று நொடிக்குள் கைக்கு எட்டியாக வேண்டிய பொருள் என்று அவனிடம் ஒன்றும் இல்லை.

"கூட்டலாம், கழற்றலாம்" என்கிறார்களே, அதற்கு வருகிறேன். கூட்டியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கழற்றியவரைப் பார்த்ததில்லை. காலியாக ஒரு பட்டை தெரிந்தால் அதில் எதையாவது மாட்டத் தோன்றுவது மனித இயல்பு. பொருளின் தேவையிலிருந்து பவுச் வாங்குவதில்லை. பவுச்சை வாங்கிவிட்டு அதில் போட பொருள் தேடுகிறோம். ஒவ்வொரு பவுச்சுக்கும் தனி ஜிப், தனி பக்கிள், தனி உட்துணி. சாமான் சேருமுன்பே எடை சேர்ந்துவிடுகிறது. பெரிய மோலிப் பை, பிளாஸ்டிக் சட்டத்தோடு, காலியாகவே மூன்று கிலோவுக்கு மேல்.

படையிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். சண்டையிடும் நேரத்தில் சிப்பாயின் மேல் 48 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 22 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்கப் படையின் 1990ஆம் ஆண்டுக் கையேடு சொன்னது. 2003இல் ஆப்கானிஸ்தானில் அவர்களே களத்தில் நிறுத்து அளந்தபோது சராசரி 63 பவுண்டு, 28 கிலோவுக்கு மேல். மோலி புழக்கத்துக்கு வந்த பின்பு நடந்த அளவீடு இது. மார்புக் கவசமும் பேட்டரிகளும் அந்த எடையில் உண்டு. பையை மட்டும் பழிசொல்வது நேர்மையாகாது. ஆனால் கழற்றி மாட்டும் வசதி சுமையைக் குறைத்துவிடும் என்ற வாக்குறுதி, அது பிறந்த வீட்டிலேயே பலிக்கவில்லை. எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கப் படை வரலாற்றாளர், சிப்பாயின் முதுகில் ஏற்றுகிற அளவுகடந்த பாரம்தான் அவனைத் தோற்கடிக்கிறது என்று 1950லேயே ஒரு புத்தகம் எழுதி மன்றாடினார். படைகளே தங்கள் பாரத்தைப் பற்றி அழுதுகொண்டிருக்க, அதை வெற்றியின் அடையாளம் என்று நாம் வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம். கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்த தலைமுறை இதைச் சொல்லாமலே புரிந்துகொள்ளும். ஏற்றமரத்தில் கால் தள்ளி வைக்க வைக்க அதே ஆள் எடை அதிகமாக இழுக்கும். பையின் வெளிப்பக்கத்தில் மாட்டிய பவுச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு கிலோ தண்ணீர் முதுகெலும்பிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலும் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலும் தராசுக்கு அதே இரண்டு கிலோ. முதுகைப் பின்னால் சாய்க்கும் இழுப்பு மட்டும் மூன்று மடங்கு. அதைச் சமாளிக்க உடம்பு முன்னால் கூனும். நாள்கணக்கில் கூனி நடந்தால், நத்தம் போய்ச் சேரும்போது கழுத்தும் தோளும் கல்லாகிவிடும். எங்கள் பையன் அங்கேதான் முதல்முறை பையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் குப்புறப் படுத்தான்.

நம் பாட்டிமார் சும்மாட்டின் மேல் குடம் வைத்து நிமிர்ந்து நடந்தது எதனால்? பாரம் முதுகெலும்பின் நேர்மேலே நின்றது. கென்யாவின் லுவோ, கிகூயு பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமந்து நடக்கும்போது கூடுதலாக ஆற்றல் செலவாகவில்லை என்று 1986இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்தாது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொன்னதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிறு வயதிலிருந்து பழகிய உடம்பும் நேர்க்கோட்டில் நிற்கும் பாரமும் சேர்ந்தால் என்ன முடியும் என்பதற்கு அது சான்று. நேபாளத்துச் சுமைதூக்கிகள் நெற்றியில் ஒரு பட்டை போட்டு, முதுகில் மூங்கில் கூடையைத் தாங்குகிறார்கள். 2005இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில் ஆண்கள் சுமந்தது சராசரியாகத் தங்கள் எடையில் 93 விழுக்காடு. பக்கிளும் இல்லை, ஜிப்பும் இல்லை. உலகத்தின் மிகக் கடினமான மலைப்பாதையில், ஒரு பட்டையும் ஒரு கூடையும்.

பிரித்துக் கட்டும் சுமை என்பது மேற்கிலிருந்து வந்து நாம் கற்க வேண்டிய புதுமையும் அல்ல. மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிற எவருக்கும் இருமுடி தெரியும். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருளும். பின்முடியில் வழிக்கு வேண்டிய அரிசியும் சாமானும். எருமேலியிலிருந்து பெருவழியில் அழுதையைத் தாண்டிக் கரிமலை ஏறும்போது பின்முடி தினம் தினம் இளைத்துக்கொண்டே வரும். நடந்து களைக்கக் களைக்கப் பாரம் குறைகிற ஏற்பாடு அது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்பது முடிச்சிலேயே தீர்மானமாகிவிட்டது. காவடியும் அடிப்படையில் இரண்டு பக்கமும் சமனாகப் பாரம் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் தண்டுதான். செட்டிநாட்டு நகரத்தார் அதைத் தோளில் ஏந்தி பல நூறு வருடமாகப் பழனிக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி நிறத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. வெயிலுக்குப் பயந்து பாதயாத்திரைக்காரர்கள் நள்ளிரவிலும் விடியலிலும்தான் அதிகம் நடப்பார்கள். திண்டுக்கல்லைத் தாண்டி ஒட்டன்சத்திரம் நோக்கி நாங்கள் நடந்தபோது விடியற்காலை நான்கு மணி. பனி. பின்னாலிருந்து லாரி வெளிச்சம் வந்தது. முன்னால் போன அக்காவின் மஞ்சள் பையில் போலீஸார் ஒட்டிய ஒளிரும் பட்டை, தொலைவிலேயே சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது. அவருக்கு இருபதடி பக்கத்தில் நடந்த பையன் எனக்கே தெரியவில்லை. அவன் பையிலும் அதே பட்டையை ஒட்டித்தான் விட்டார்கள். ஏணிப்பட்டையின் மேடும் பள்ளமும் அதை ஒட்டவிடவில்லை. ஒரு மணி நேரத்தில் உரிந்து எங்கேயோ விழுந்துவிட்டது. லாரி அவனை ஒட்டினாற்போல் கடந்துபோன காற்றில் அவன் சட்டை படபடத்ததை இன்றும் நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அந்தத் திட்டுத்திட்டு நிறத்தின் ஒரே நோக்கம் மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. எதிரி இருக்கிற இடத்தில் அது உயிர் காக்கும். நெடுஞ்சாலையில் உயிரை எடுக்கும். பாதயாத்திரைக் கூட்டத்தில் வாகனம் புகுந்து ஆட்கள் இறந்த செய்தியைப் படிக்காத தை மாதம் உண்டா? காட்டிலும் அப்படியே. வழி தவறியவனைத் தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் படவேண்டியது அவன் பைதான். புதருக்குள் பச்சைப் பையைப் போட்டுக்கொண்டு மயங்கிக் கிடப்பவனை எப்படித் தேடுவது? 2016 ஜனவரியில் பதான்கோட் விமானதளத்தைத் தாக்கியவர்கள் படை உடையில் வந்த பிறகு, அந்த மாதிரித் துணிகளை விற்கவும் வேண்டாம், அணியவும் வேண்டாம் என்று ராணுவமே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. பை வைத்திருப்பது குற்றமில்லை. படைவீரன் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அணிவதுதான் குற்றம். இருந்தாலும் கேட்டுக்கொண்டவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"உறுதியாவது உண்டே" என்பார்கள். உண்மையான படைப் பையின் துணி கனத்த நைலான், அது உறுதிதான். ஆனால் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது அதன் நிறமும் உருவமும் மட்டுமே. நானும் ஒன்று வாங்கினேன். யார் தயாரித்தது என்பது இங்கே வேண்டாம். இரண்டாவது வருடமே தோள்பட்டை பையோடு சேரும் இடத்தில் தையல் விட்டது. எங்கள் பக்கத்துச் சீமைக்கருவேல முள்ளுக்கு அந்த வரிப்பட்டைகள் நல்ல தூண்டில். ஒற்றையடிப் பாதையில் நுழைந்தால் பத்தடிக்கு ஒருமுறை நின்று விடுவித்துக்கொள்ள வேண்டும். வழுவழுப்பான துணிப்பை முள்ளில் உரசி நழுவிப் போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய நல்ல பைகளில் உண்மையிலேயே போற்றத்தக்கது இடுப்புப் பட்டை. பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பில் உட்கார வைக்கிறது. அலுமினியச் சட்டத்தோடு அதைப் பரவலாக்கியவர் டிக் கெல்டி என்ற அமெரிக்கர், 1952இல், மலை நடைக்காரர்களுக்காக. நடக்கிறவர்களுக்காகப் பிறந்த யோசனை அது. படைகள் பின்னால்தான் எடுத்துக்கொண்டன. ஆகவே, பட்டாளத்திலிருந்துதான் நல்லது வரும் என்கிற நம்பிக்கைக்கு வரலாற்றிலும் இடமில்லை. 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியாக முழுக்க நடந்து முடித்தார். காலில் கான்வாஸ் ஷூ. தோளில் தானே தைத்த துணிப்பை. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் திரை. அந்தப் பாதையைத் தனியாக ஒரே மூச்சில் முடித்த முதல் பெண் அவர். என் அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "பின்ன, வேற என்னத்தைத் தூக்குவாக?" என்றார்.

மலையேற்றம் வேறு, பாதயாத்திரை வேறு என்று ஒரு தம்பி என்னிடம் வாதாடினார். சரி, மலைக்கே வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் பைகளைப் பற்றிப் பேசுவது பாவம். பைக்கும் அந்த மரணங்களுக்கும் சம்பந்தமில்லை. அதுதான் நான் சொல்ல வந்தது. எந்த மாதத்தில் போகிறோம், வனத்துறை அனுமதி இருக்கிறதா, வழி தெரிந்தவர் கூட வருகிறாரா என்பவைதான் அங்கே உயிரைத் தீர்மானித்தன. அதன் பிறகே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. பெரும்பாலானவை ஒருநாள் நடை. தண்ணீர், சாப்பாடு, மழைக்கு ஒரு உறை, ஒரு விசில்: இதற்குப் பள்ளிக்கூடப் பை போதும். வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறுகிறவர்கள் பூண்டியிலிருந்து மூங்கில் தடியோடு போவதைப் பாருங்கள். அந்தப் படிகளில் மூச்சுத் திணறி இறந்தவர்களின் செய்தி வருடா வருடம் வருகிறது. அங்கே ஒவ்வொரு கிலோவும் இதயத்தின் மேல்தான் ஏறுகிறது.

எங்கள் தெருவில் இருபத்தெட்டு வருடம் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரும் எங்களோடு பழனி வருகிறவர்தான். ஒரு துண்டில் முடிந்த சின்ன மூட்டையும் ஒரு கைத்தடியும். பையனின் பையைப் பார்த்துவிட்டு, பட்டாளத்தில் பிட்டூ என்று சொல்லும் முதுகுமூட்டையைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, பிட்டூவ நாங்க ஆசப்பட்டு வாங்கல. கொடுத்தாங்க, தூக்குனோம். தப்பு பண்ணுனா அதையே முழுசா அடைச்சு முதுகுல மாட்டி ஓடவிடுவாங்க. எனக்கு அது தண்டன. நீ காசு குடுத்து வாங்கியிருக்க." அவருக்கு ஒரு பக்க முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது. அந்தச் சேவையை நான் மதிக்கிறேன். அந்த மரியாதையினால்தான் அவருடைய பாரத்தை ஒரு அலங்காரமாக மாட்டிக்கொள்ள என்னால் முடியவில்லை.

இந்தக் கட்டமைப்புக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். பாம்பு பிடிப்பவர், காட்டில் வேலை செய்யும் புகைப்படக்காரர், தீயணைப்பு வீரர் என்று இரண்டு கையும் வேலையில் இருக்க, பத்துக் கருவி இடுப்பிலேயே இருந்தாக வேண்டியவர்கள் உண்டு. அவர்களுக்கு அது கருவிப்பெட்டி. நடைக்காரனுக்குச் சாலைதான் துணை. சிப்பாய் எதிரி நிலத்தில் எவரிடமும் ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியாது. எல்லாவற்றையும் தானே சுமந்தாக வேண்டும். பழனிச் சாலையில் தை மாதம் பத்தடிக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், ஊருக்கு ஊர் அன்னதானம். காலில் கொப்புளம் வந்தவனைத் திண்ணையில் உட்காரவைத்து மஞ்சள் அரைத்துப் போடுகிற கைகள். கூட்டத்தோடு வரும் குட்டியானை வண்டியில் பாய், பாத்திரம், அரிசி மூட்டை. எங்கள் குழுவில் ஒருவர் மாத்திரைப் பையை வைத்திருப்பார், ஒருவர் டார்ச்சை, ஒருவர் காசுக் கணக்கை. முப்பது பேர் சேர்ந்து ஒரு சுமையைப் பிரித்துக்கொள்வதைவிடச் சிறந்த பிரிப்பு எந்தப் பட்டையிலும் தைக்க முடியாது. அந்தச் சாலையில் பதினோரு கிலோவைத் தனியாக முதுகில் ஏற்றிக்கொண்டு வருபவன், கொடுக்க நிற்கிறவர்களை நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த வருடம் எங்கள் தையற்காரரிடம் ஒரு பை தைத்தோம். ஆரஞ்சு நிறக் கெட்டித் துணி, ஒரே அறை, வாய்க்குச் சுருக்குக் கயிறு, தோளுக்கு அகலமாக இரண்டு பட்டை, இடுப்புக்கு ஒன்று. பின்பக்கம் ஒளிரும் பட்டையை ஒட்டாமல் தைத்தே விட்டார். காலியாக 420 கிராம். பையன் இரண்டு உடுப்பு, துண்டு, போர்வை, தண்ணீர் எல்லாம் போட்டுக் கமிஷன் கடைக்கு அவனாகவே எடுத்துப்போய் நிறுத்துவிட்டு வந்தான். 3 கிலோ 900. அக்காவைவிட இன்னும் அதிகம்தான். பழைய பட்டாளப் பையை அவன் தூக்கிப்போடவில்லை. அதைக் குட்டியானையின் பக்கப் பலகையில் கட்டி, ஒரு பவுச்சில் பஞ்சும் பேண்டேஜும், இன்னொன்றில் காய்ச்சல் மாத்திரையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும், மூன்றாவதில் ஸ்பேனரும் டியூப் ஒட்டும் சாமானும் வைத்திருக்கிறான். திண்டுக்கல்லுக்கு முன்னால் ஒரு அம்மாவுக்குக் கால் பிசகியபோது கிரேப் பேண்டேஜை அதிலிருந்துதான் எடுத்தோம்.